மணிமேகலையில் புண்ணும் அருளும்

மணிமேகலைக் காப்பியம் பற்றி எழுந்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் இரு நெறிப்பட்டன. ஒரு சாரார் அதனைப் பௌத்த சமய நூலாகக் கொண்டு, இறுதிக் காதைகளில் வரும் அளவைகளையும் பன்னிரு நிதானங்களையும் ஆராய்வர். மற்றொரு சாரார் அதனைச் சிலப்பதிகாரத்தின் அருகே நிறுத்தி, கதைக்கோப்புத் தளர்ந்தது என்றும் கிளைக்கதை மிகுந்தது என்றும் குறை கூறுவர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1898ஆம் ஆண்டில் இந்நூலை அச்சேற்றிய காலந்தொட்டு இவ்விரு போக்குகளும் அருகருகே நடந்துவருகின்றன. இரண்டிற்கும் இடையே ஒரு வினா போதிய அளவு ஆராயப்பெறாமல் நிற்கின்றது.

காப்பியத் தலைவி ஓர் இளம்பெண், தந்தை கொலையுண்டவள், கணிகையர் குலத்திற் பிறந்தமையால் ஊரார் அலருக்கு உள்ளானவள், அரசிளங்குமரன் ஒருவனது வேட்கைக்கு அஞ்சி ஒளிந்தவள், பின்னர் அவன் வாளால் வெட்டுண்டு கிடந்ததைக் கண்டு அரற்றியவள், சிறையும் வதையும் உற்றவள். இத்துணைப் புண்பட்ட ஒருத்தி அருளறம் பூண்டு வாழ்ந்தது எவ்வாறு? புண் ஆறிய பின்னர் அருள் தோன்றியதா, அருளே புண்ணை ஆற்றியதா? சமய ஆராய்ச்சியார் இதனை வினைப்பயன் என்னும் கணக்கில் அடக்கிவிடுவர். காப்பிய ஆராய்ச்சியார் தெய்வத்தின் செயல் என்று சொல்லிக் கடந்துவிடுவர். சாத்தனார் நூலிலேயே இதற்கு விடை உண்டு என்பதும், அவ்விடை வழக்கமாகச் சுட்டப்பெறும் இடத்தில் இல்லை என்பதும் யாம் ஈண்டு காட்ட முயலும் கருத்துக்களாகும்.

வழக்கமாகச் சுட்டப்பெறும் இடம் மணிபல்லவத்துப் புத்த பீடிகை. 9ஆம் காதையில் மணிமேகலை அதனைக் கண்டு தன் முற்பிறப்பை உணர்கின்றாள். தான் இலக்குமி என்னும் பெயரினளாய் இருந்ததும், கணவன் இராகுலன் திட்டிவிடம் என்னும் பாம்பினால் மாண்டதும், தான் அவனுடன் தீப்புகுந்ததும் அவள் உள்ளத்தில் தோன்றுகின்றன. அவ்விராகுலனே இப்பிறப்பில் உதயகுமரன் என்பதை அடுத்த காதையில் மணிமேகலா தெய்வம் அறிவிக்கின்றது. இவ்வுணர்வே அவள் துயரைத் துடைத்தது என்றும், எஞ்சிய இருபது காதைகளும் அதன் பயனை விரிப்பன என்றும் கொள்வார் பலர். வகுப்புக்களிலும் இவ்வாறே சொல்லப்பெறுகின்றது. நூலோட்டம் இக்கொள்கைக்கு இடந்தரவில்லை.

இதனை ஆராயக் கதைத் தொடக்கத்திற்குச் செல்லுதல் வேண்டும். இந்திர விழாவில் ஆடுதற்கு வாராத மாதவியை அழைத்துவரச் சித்திராபதி வயந்தமாலையை விடுக்கின்றாள். மகளோடு மலர்மண்டபத்தில் இருந்த மாதவி வர மறுத்து, கோவலன் பட்ட துன்பத்தையும் கண்ணகியின் செயலையும் சொல்கின்றாள். அருகிருந்து மாலை தொடுத்துக்கொண்டிருந்த மணிமேகலையின் காதில் அச்சொற்கள் விழுகின்றன. தந்தையும் தாயும் பட்டது கேட்டு அவள் கண்ணீர் உகுக்கின்றாள். அந்நீர் மாலையின்மேல் வீழ்கின்றது. கண்ணீர் பட்ட மாலை தூய்மை இழந்தது, ஆதலின் புதுமலர் கொணர்க என்று மாதவி மகளைச் சுதமதியுடன் உவவனத்திற்கு அனுப்புகின்றாள். உதயகுமரன் தொடர்தலும், பளிக்கறையில் ஒளிதலும், தெய்வம் எடுத்துச்சென்று மணிபல்லவத்தில் வைத்தலும் இதன்வழியே நிகழ்கின்றன. காப்பியம் முழுதும் ஒரு துளி கண்ணீரினின்று தொடங்குகின்றது என்பது மிகையன்று. ஈண்டு அவள் அழுகைக்குத் தடை எழவில்லை என்பதனை நினைவில் கொள்ளுதல் வேண்டும். தாய் மாலையைக் குறைகூறினாளேயன்றி மகளின் அழுகையைக் குறைகூறினாள் அல்லள். 23ஆம் காதையில் வேறொருத்தியின் அழுகைக்கு நேர்வதனைக் காணும்போது இச்சிறு செய்தியின் பெருமை புலனாகும்.

இனிப் பீடிகைக்கு வருவோம். பிறப்புணர்ந்தபின் மணிமேகலையின் துயர் அற்றுப்போயிருப்பின், 21ஆம் காதை எழுதப்பட்டிருத்தல் இயலாது. காயசண்டிகையின் வடிவம் கொண்டிருந்த அவளை நாடிவந்த உதயகுமரனைக் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் ஐயுற்று வாளால் எறிந்துவிடுகின்றான். இதனை அறிந்த மணிமேகலை தன் மாற்றுருவைக் களைந்து அவ்வுடலை நோக்கிப் புலம்பிச் செல்கின்றாள். முன்னாள் நீ பாம்பின் விடத்தால் மாண்டபோது யானும் ஈமத்தீயில் வீழ்ந்தேன் என்றும், உவவனத்தில் கண்டபோதும் என் உள்ளம் நின்பால் நின்றது என்றும் அவள் சொல்லும் சொற்கள், பிறப்புணர்ந்து அறம் மேற்கொண்ட பின்னர்ச் சொல்லப்படுவன. கந்திற்பாவை இடைநின்று தடுக்கவேண்டியிருந்தது. பிறப்புணர்ச்சி அவளுக்குத் துன்பத்தின் காரணத்தை அறிவித்தது; துன்பத்தை அகற்றிற்றிலது. நோயின் மூலம் அறிந்த மருத்துவனும் நோயாளியாய்க் கிடத்தல் உலகியலில் உள்ளதே.

ஆயின் அவள் ஆறியது எங்கே? இதற்கு அறவண அடிகளின் செயல் ஒரு குறிப்புத் தருகின்றது. அமுதசுரபியுடன் புகாருக்கு மீண்டு தம்மைத் தொழுத இளம்பெண்ணுக்கு அவ்வாசான் நால்வகை வாய்மையையோ நிதானங்களையோ உடனே விரித்துரைக்கவில்லை. மக்கட்கும் தேவர்க்கும் ஒப்பமுடிந்த அறம் பசிப்பிணி தீர்த்தல் என்று மட்டும் சொல்லி, ஆபுத்திரன் வரலாற்றைத் தொடங்குகின்றார். அவள் தவத்திறம் பூண்டு தருமம் கேட்பது 29ஆம் காதையிலேதான். பாத்திரம் 11ஆம் காதையில் கைக்கு வருகின்றது. தவக்கோலத்திற்குரிய முழு உபதேசம் நூலின் கடைப்பகுதியில் வருகின்றது. இடைப்பட்ட காதைகள் அனைத்தும் சோறிடுதலிலும், அதனால் விளைந்தனவற்றிலும் கழிகின்றன. முதலில் ஞானம், பின்னர் அருள் என்னும் வரிசை சாத்தனாருக்கு உடன்பாடாயின் இவ்வைப்புமுறை தலைகீழாக அமைந்திருத்தல் வேண்டும். ஆசிரியர் புண்பட்டவள் கையில், அப்புண் ஆறுமுன்னரே, பிறர் பசிக்குரிய பாத்திரத்தைக் கொடுக்கின்றார்.

ஆபுத்திரன் வரலாற்றை அறவணர் எடுத்துரைத்தமைக்கும் காரணம் இதுவே என்று யாம் கருதுகின்றோம். அப்பாத்திரத்தை முன்னர் ஏந்தியவன் அவன் என்பதனால் மட்டும் அக்கதை சொல்லப்படவில்லை. வாரணாசியினின்றும் குமரிக்கு வந்த சாலி என்பாள் தான் பெற்ற குழவியை இரவில் ஒரு தோட்டத்தில் இட்டு நீங்குகின்றாள். பசு ஒன்று ஏழு நாள் பாலூட்டி அக்குழவியைக் காக்கின்றது. இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்க்க, வளர்ந்த சிறுவன் வேள்வியில் கொல்லுதற்குக் கட்டப்பட்டிருந்த பசுவைக் கண்டு அதனை இரவில் அவிழ்த்துச் செல்கின்றான், அகப்பட்டு அடியுண்கின்றான். அவன் பிறப்பின் இழிவு அவைநடுவே வெளிப்படுத்தப்படுகின்றது. வளர்த்த தந்தை விலக்குகின்றான். அந்தணர் ஊர்களில் அவன் ஏந்திய பிச்சைப் பாத்திரத்தில் கல்லை இடுகின்றார்கள்.

கல் இடப்பட்ட அக்கடிஞையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தாயால் எறியப்பட்டவன், தந்தையால் விலக்கப்பட்டவன், ஊரால் கல்லிடப்பட்டவன் மதுரைக்குச் சென்று சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்குகின்றான். மாடமதுரையில் மனைதோறும் இரந்து பெற்றதனைக் குருடரையும் செவிடரையும் முடவரையும் காப்பாரற்றோரையும் நோயுற்றோரையும் அழைத்து ஊட்டி, எஞ்சியதனைத் தான் உண்டு, அவ்வோட்டையே தலையணையாகக் கொண்டு உறங்குகின்றான். ஒரு மழை நள்ளிரவில் பசித்து வந்தோர்க்கு இடுதற்கு ஒன்றும் இல்லாமையால் அவன் வருந்தும்போதுதான் சிந்தாதேவி அமுதசுரபியைத் தருகின்றாள். இவ்விடத்தில் சாத்தனார் வகுத்த நிரல் நுணுக்கமானது. பசுவின் அருளால் உயிர் பிழைத்தவன் பசுவுக்காக அடியுண்டான். உணவின்றிக் கல்லைப் பெற்றவன் உணவளிப்போன் ஆயினான். அவன் பெற்ற புண்ணின் வடிவே அவன் செய்த அறத்தின் வடிவம் ஆயிற்று. எறியப்பட்ட குழவிக்கு முதன்முதல் கிடைத்த அன்பு பாலாக வந்தது. அவன் உலகிற்குத் திருப்பிக்கொடுத்த அன்பும் உணவாகவே சென்றது.

இந்திரன் வந்து வரம் தருவதாகச் சொன்னபோது ஆபுத்திரன் விலாவிறச் சிரிக்கின்றான். பசித்தோர் முகம் பார்க்கும் இன்பத்தினும் பெரிதாக நின் உலகில் என்ன உண்டு என்பது அவன் வினாவின் சாரம். சினங்கொண்ட இந்திரன் பன்னீராண்டு வற்கடம் கொண்டிருந்த பாண்டி நாட்டில் மழை பொழிவித்து, பசித்தோரே இல்லாமற் செய்துவிடுகின்றான். உண்பாரைத் தேடித் தேடி அலைந்த ஆபுத்திரன், சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கலம் ஏறி, இடையே மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டு உண்ணாது உயிர்விடுகின்றான். அருளின் பயன் பிறர்க்கு மட்டும் உரியதன்று, அளிப்போன் உயிர்தரிப்பதற்கும் அதுவே வேண்டும் என்பதனை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது. இதில் ஓர் அச்சத்தையும் ஆசிரியர் வைத்துள்ளார். அளிப்பதனாலன்றி வாழவொண்ணாத நிலை ஒருவகைக் குறையே. ஆபுத்திரன் முழுதும் ஆறியவன் அல்லன்; அவன் மறுபிறவியில் புண்ணியராசனாய்ப் பிறந்து, தன் பழைய உடம்பின் எலும்பைத் தானே கண்டபின்னரே அக்குறை நிறைவெய்துகின்றது. 25ஆம் காதையில் மணல் அகழ்ந்து அவ்வெலும்பு காட்டப்பெறும்போது அவன் மயங்குகின்றான்; அரசு துறக்கவும் எண்ணுகின்றான். மணிமேகலையோ அவனைத் தன் நாட்டிற்கே மீளச்செய்து, உணவும் உடையும் உறையுளும் அளிப்பதே அரசன் அறம் என்கின்றாள்.

கிளைக்கதைகளால் காப்பியம் தளர்ந்தது என்னும் குறையைப் பவுலா ரிச்மன் 1988இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில் மறுத்து, அவை கேட்போரை அறத்தின்பால் ஈர்க்கும் முறையில் அமைந்தவை என்று காட்டினார். அம்மறுப்பு ஏற்கத்தக்கது. அதனொடு யாம் ஒன்று கூட்டுவோம்: இக்கிளைக்கதைகள் பலவற்றின் தலைமக்கள் புண்பட்டவர்கள். ஆதிரையைக் காண்க. கணிகையொருத்தியிடம் பொருளெல்லாம் இழந்து கடல்மேற் சென்ற சாதுவன் கலம் உடைந்து இறந்தான் என்று கேட்டு, அவள் தீப்புகுந்தாள். தீ அவளைச் சுடவில்லை. கணவன் உயிரோடு உளன் என்னும் வானொலி கேட்டு மீண்டு, அவன் வரும்வரை அறம் செய்து வாழ்ந்தாள். அமுதசுரபியில் முதற்பிச்சை இடத்தக்கவள் அவளே என்று காயசண்டிகை சொல்லுவதற்குக் கற்பு ஒன்றனையே காரணமாகக் கூறுவர். இறத்தற்குத் துணிந்து, இறவாது மீண்டு, மீண்டபின் வாழ்நாளைப் பிறர்க்காகச் செலவிட்டவள் என்பதனையும் உடன் எண்ணுதல் பொருந்தும். அதற்கு மாறாக, அமுதசுரபியின் சோற்றால் யானைத்தீ தணியப்பெற்ற காயசண்டிகை, நோய் தீர்ந்தவுடன் வானத்தே விரைந்து, விந்தமலையில் விந்தாகடிகைக்கு இரையாகின்றாள். பன்னீராண்டுப் பசி தீர்ந்தும் அவள் வாழ்வு தொடரவில்லை. சாத்தனார் இதற்கு விளக்கம் கூறாது விடுகின்றார். யாமும் கூறாது விடுதலே முறை.

இனி இவ்வாராய்ச்சியின் நடுவிடத்திற்கு வருகின்றோம். அமுதசுரபி வரும் காதைகள் போற்றப்படும் அளவிற்கு 23ஆம் காதையாகிய சிறைவிடு காதை போற்றப்படுவதில்லை. தேர்வு வினாத்தாள்களிலும் அதற்கு இடம் குறைவு. எம் கருத்தில் காப்பியத்தின் உரைகல் அக்காதையே. பசித்தோர்க்குச் சோறிடுதல் அருள்தான். பசித்தோர் நமக்குத் தீங்கு செய்திலர். தீங்கு செய்தாளை அருளுதல் வேறொரு நிலை.

சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு மணிமேகலை வேண்ட அவ்வாறே செய்தவன் மாவண்கிள்ளி. மகன் இறந்தபின் அவனே அவளைக் காவலில் வைக்க ஆணையிடுகின்றான். மகனை இழந்த இராசமாதேவியிடம் வாசந்தவை என்னும் முதியவள் செல்கின்றாள். ஆறுதல் கூறுவாள் போலச் சென்ற அவள் சொல்வது ஆறுதல் அன்று. நாட்டைக் காத்தோ பிறர் நாட்டைக் கொண்டோ நின் மகன் மடிந்தானல்லன். ஆதலின் மன்னன் முன் துன்பத்தைக் காட்டாதே என்பது அவள் அறிவுரை. பெற்ற தாய்க்கு அழுதற்கும் உரிமை மறுக்கப்படுகின்றது. மகன் இறந்த முறை இழிந்தது என்பதனால் அழுகையும் இழிந்ததாகின்றது. அரசி தன் துயரை உள்ளடக்கி, முகத்தை மாற்றிக்கொண்டு, இத்தவமகளுக்குச் சிறை தகாது என்று அரசனிடம் இன்சொற் சொல்லி அவளைத் தன்பால் பெறுகின்றாள். வதைகள் அதன்பின் தொடங்குகின்றன.

அழப்பெறாத துயர் கொடுமையாகத் திரிதலைச் சாத்தனார் ஈண்டு காட்டுவதுபோல வேறெங்கும் காட்டவில்லை. மலர்மண்டபத்தில் மணிமேகலையின் கண்ணீர் தடையின்றி வீழ்ந்தது. அரண்மனையில் அரசியின் கண்ணீர் வீழ இடம் பெற்றிலது. முன்னது புதுமலர் தேடிச் செல்லும் பயணமாயிற்று, பின்னது நஞ்சாயிற்று. அரசி முதலில் பித்தேற்றும் மருந்தை ஊட்டுகின்றாள். பின்னர்க் கல்லாத இளைஞன் ஒருவனைப் பொருள் கொடுத்து ஏவி அவளை இழிவுபடுத்த முயல்கின்றாள். இறுதியில் நோயுற்றாள் என்று பொய் கூறிப் புழுக்கறையில் அடைத்து உணவை விலக்குகின்றாள். மனம், மானம், உடல் என மூன்றையும் குறிவைத்த வதை இது. பித்தேற்றும் மருந்தைப் பிறப்புணர்ந்த அறிவு வெல்கின்றது. இளைஞன் வந்தபோது அவள் ஆண்வடிவு கொள்கின்றாள். பசியை மந்திரம் வெல்கின்றது.

இங்கே ஒரு தடை எழுதல் கூடும். மந்திரமும் மாற்றுருவும் உடையாளுக்கு வதை வதையாகுமா? புண்படாதவள் பொறுத்தாள் என்பதில் என்ன பெருமை? இத்தடையைச் சாத்தனாரே எதிர்பார்த்தார் போலும். வதைகள் பயனற்றமை கண்டு அரசி நடுங்கி மன்னிப்பு வேண்டும்போது, மணிமேகலை கூறும் மறுமொழியில் அதற்கு விடை உள்ளது. வான்வழிச் செல்லவும் வேற்றுருக் கொண்டு நீங்கவும் தனக்கு ஆற்றல் இருந்தும், அவ்வாறு நீங்க எண்ணவில்லை என்றும், முற்பிறப்பில் தன் காதலனாயிருந்தவனைப் பெற்றவள் நீ ஆதலின் நின் கடுந்துயரையும் தீவினையையும் நீக்குதற்பொருட்டே இங்கே தங்கினேன் என்றும் அவள் சொல்கின்றாள். மாற்றுருவை அவள் தன் மானம் காத்தற்கு ஒருமுறை மேற்கொண்டாள். தப்பிச் செல்லுதற்கு மேற்கொள்ளவில்லை. பறக்கும் மந்திரம் உடையவள் அடைபட்ட அறையில் இருந்தாள் என்பது ஒன்றே போதும். மந்திரங்கள் இக்காதையில் அவளைக் காத்தன என்பதைவிட, அவள் தங்கியது தன் விருப்பத்தால் என்பதனைத் தெளிவிக்கவே பயன்பட்டன. காவல் உடையாள் கட்டுண்டு கிடப்பின் அக்கட்டு அவள் கொண்டதேயாகும்.

அவள் அரசிக்குச் செய்த மருத்துவமும் நோக்கத்தக்கது. நீ அழுவது உடம்பிற்கா, உயிர்க்கா என்னும் பொருள்பட அவள் வினவுகின்றாள். உடம்பிற்காயின் அதனைச் சுடலைக்குக் கொண்டுசென்றவர் யார். உயிர்க்காயின் அது புகும் இடம் அறிதற்கரிது, ஆதலின் அவ்வுயிர்க்கு அன்புடையாய் எனின் எல்லா உயிர்க்கும் இரங்கவேண்டும் என்பது அவள் உரை. இதனை வறட்டுத் தத்துவம் என்பாரும் உளர். மகனை இழந்த தாய்முன் சொல்லத்தக்க சொல்லா என்றும் வினவுவர். யாம் வேறு வகையாகக் காண்கின்றோம். வாசந்தவை அழாதே என்றாள். மணிமேகலையோ எதற்கு அழுதாய் என்று கேட்டாள். அக்கேள்வி அரசியின் அழுகையை மீண்டும் அவளுக்கு உரியதாக்கிற்று. அதன் பின்னரே, முற்பிறப்பில் இராகுலன் அடிபிறழ்ந்து வீழ்ந்த மடையனை வாளால் எறிந்த வரலாற்றையும், அவ்வினை இப்பிறப்பில் வந்து உற்றதனையும் அவள் சொல்கின்றாள். இழந்தவர் இருவர், ஒருத்தி மகனையும் ஒருத்தி காதலனையும் இழந்தனர், இழக்கப்பட்டவன் ஒருவனே. மணிமேகலை அரசியின் வெறுப்பில் தன் துயரையே கண்டாள் என்பதற்கு, நின்னால் பெறப்பட்டவன் என் காதலன் என்னும் கருத்தே சான்று.

காதையின் முடிவில் ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. தெளிவு பெற்ற அரசி எழுந்து மணிமேகலையை வணங்குகின்றாள். இது தகாது என்று மணிமேகலை தடுக்கின்றாள். என் கணவனைப் பெற்ற தாய் நீ, மன்னன் பெருந்தேவியும் நீ என்று சொல்லித் தான் திரும்ப வணங்குகின்றாள். வெற்றிபெற்றாள் தோற்றாளை வணங்கும் காட்சி நம் காப்பியங்களில் அரிது. அருள் என்பது உயர்ந்தார் தாழ்ந்தார்க்கு இடும் பிச்சை என்னும் எண்ணத்தை இவ்வணக்கம் அடியோடு மாற்றிவிடுகின்றது. மணிமேகலை இறுதிக் காதைகளில் எவ்வளவு தருக்கம் கேட்பினும், அவள் விழிப்பின் நிறைவை யாம் இவ்வணக்கத்திலேயே காண்கின்றோம்.

பௌத்த இலக்கியம் இக்கருத்தை வேறு வடிவிலும் அறிந்துள்ளது. பாலி மொழித் தேரிகாதையில் இடம்பெறும் படாசாரையின் வரலாறு தமிழறிஞர்க்குப் புதிதன்று. கணவன் பாம்பு கடித்து இறக்க, மக்கள் இருவரையும் வழியில் இழந்து, பெற்றோரும் உடன்பிறந்தானும் வீடிடிந்து மாண்டமை கேட்டு, அவள் ஆடையும் நழுவப் பித்தேறி அலைந்தாள். புத்தர் சொல்லால் தெளிந்து பிக்குணியாயினாள். அவள் பின்னர்ச் செய்தது, மக்களை இழந்து வந்த மகளிர் பலர்க்குத் துயர் நீக்கியமையே. அவ்வாறு அவளால் தெளிவுற்றோர் கூற்றுக்களும் தேரிகாதையிலேயே உள்ளன. இலக்குமியின் கணவனும் படாசாரையின் கணவனும் பாம்பினால் மாண்டமை ஒற்றுமையாக மட்டும் இருக்கலாம். சாத்தனார் அதனை அறிந்து எடுத்தாண்டார் எனத் துணிதற்குச் சான்று இல்லை. வேற்றுமையே நமக்கு இன்றியமையாதது. படாசாரை தன்போல் துயருற்றோரைத் தேற்றினாள். மணிமேகலை தன்னைத் துயருறுத்தியவளைத் தேற்றினாள். தமிழ்க் காப்பியம் ஓரடி மேலே சென்றது என்று சொல்லுதல் பிழையாகாது.

இவ்வளவில் ஆறுதல் என்பது வடுவும் இன்றி மறைதல் என்று கொள்ளற்க. அரசியைத் தெளிவித்தபின் மணிமேகலை புகாரில் தங்கவில்லை. இங்கே யான் இருப்பின் மன்னன் மகனுக்குக் கூற்றாய் வந்தவள் என்று ஊர் என்னைக் கூறும் என்று சொல்லி, ஆபுத்திரன் நாட்டிற்கு நீங்குகின்றாள். முதற்காதைகளில் அவளைச் சூழ்ந்த அலர், இங்கும் அவளைத் தொடர்கின்றது. அவள் அதனை மாற்ற முயலவுமில்லை, அதற்காக வெகுளவுமில்லை, விலகிச் செல்கின்றாள். ஊர்வாய் மூடுதற்கு அவள் பெற்ற மூன்று மந்திரங்களில் ஒன்றும் இல்லை.

வஞ்சியில் கண்ணகி கோட்டத்தில் நிகழும் உரையாடலையும் இவ்வொளியிற் காணுதல் வேண்டும். தாய் முறையினளாகிய கண்ணகியின் படிமத்தின்முன் நின்று, கணவனோடு இறத்தலோ கைம்மை நோற்றலோ செய்யாது மதுரையை எரித்தது ஏன் என்று மணிமேகலை கண்ணீருடன் கேட்கின்றாள். மதுராபதி வந்து முற்பிறப்பு வரலாறு கூறியும் சினம் தணியாமையின் நகரம் எரிந்தது என்றும், நல்வினையால் இப்போது தேவராயினும் அச்சினத்தின் பயன் பின்னர் வந்தே தீரும் என்றும் கண்ணகி தெய்வம் விடைகூறுகின்றது. சிலப்பதிகாரம் போற்றும் தீயினைத் தீ மூட்டியவள் வாயாலேயே வினையென்று சொல்லவைக்கின்றார் சாத்தனார். முற்பிறப்புச் செய்தியைக் கண்ணகியும் கேட்டாள், மணிமேகலையும் கேட்டாள். ஒருத்திக்கு அது போதவில்லை. பிறப்புணர்ச்சி ஒன்றே துயர் தீர்ப்பது என்னும் கொள்கைக்கு இதனினும் வலிய மறுப்பு வேண்டுவதில்லை. இதனால் சாத்தனார் கண்ணகியைப் பழித்தார் என்பது பொருளன்று. கேட்கும் மகள் கண்ணீரோடு கேட்கின்றாள். விடைகூறும் தாயும் மறைக்காது கூறுகின்றாள். ஒரே கொலையால் புண்பட்ட இரு பெண்டிர் எதிரெதிர் நின்று தத்தம் தீயைப் பற்றிப் பேசும் இவ்விடத்தைத் திறனாய்வாளர் சமயக் கணக்கரைக் காணும் விரைவில் கடந்து சென்றுவிடுகின்றனர்.

நாவலர் ந. மு. வேங்கடசாமி நாட்டார் எழுதிய உரை இறுதிக் காதைகளுக்கு ஔவை சு. துரைசாமிப் பிள்ளையால் நிறைவுசெய்யப்பெற்றது என்பதை அறிவோம். உரை இருவர் கையால் ஆனதுபோல நூலும் இருவேறு நூல்களின் இணைப்பு என்பதுபோலப் படிக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. முன்பகுதி கதை, பின்பகுதி தத்துவம் என்பர். இவ்விரண்டையும் இணைக்கும் கண்ணி 24ஆம் காதையில் இருக்கின்றது. அதனைச் சொல்லி இக்கட்டுரையை நிறுத்துவோம்.

மகள்வழிப் பேர்த்தியை மீட்டுச் செல்ல வந்த சித்திராபதியிடம் இராசமாதேவி கூறும் மறுமொழி அங்கு வருகின்றது. கள், பொய், காமம், கொலை, களவு என அறிவுடையோர் விலக்கிய ஐந்தனையும் தலையாகக் கொண்ட நின் வாழ்க்கையை இழிவென்று அஞ்சி நீங்கியவள் நின் மனைக்கு வாராள். என்னொடு இருப்பாள் என்று அவள் சொல்கின்றாள். மாதவி அறவணரிடம் பெற்ற ஐவகைச் சீலத்தின் மறுதலைகளை வரிசையாக எண்ணிச் சொல்லும் இந்நா, நஞ்சூட்டவும் மானம் கெடுக்கவும் ஏவிய நா. பின்னர் அறவணர் மாதவியோடும் சுதமதியோடும் அவ்விடம் வருகின்றார். அரசி எதிர்கொண்டு வணங்குகின்றாள். அறவணர் பேதைமை முதலாகிய பன்னிரு நிதானங்களையும் அரசியை விளித்தே சுருங்கச் சொல்கின்றார். மணிமேகலையை நோக்கியோ, பிற சமயத்தார் அறங்களைக் கேட்டபின் நினக்கு இவற்றை விரித்துரைப்பேன் என்று காலம் குறிக்கின்றார். பவத்திறம் அறுக்கும் அத்தருமத்தை மணிமேகலை முழுதும் கேட்பது 30ஆம் காதையில். மகனை இழந்து அவளை வதைத்த அரசி அதன் பெயர்நிரலை ஆறு காதைகள் முன்னரே, மணிமேகலை அருகில் நிற்கக் கேட்டுவிடுகின்றாள்.